தும்பிப் படத்துக்குப் பெயர் சிக்கவில்லையா? கோளாறு எங்கே என்று பார்ப்போம்

"இது என்ன தட்டான்?" என்ற ஒற்றை வரியோடு வரும் படங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பூச்சி அரியது என்பதால் பெயர் சிக்காமல் போனது மிகச் சில தடவைதான். மற்றபடி, விடை இருக்கும் உறுப்பு படத்தில் விழுந்திருக்காது. விழுந்திருந்தாலும் அதை விட்டுவிட்டு நிறத்தையே வெறித்துக்கொண்டிருப்போம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

உங்கள் சிக்கலுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய சோதனை முதலில் வரும். மறுபடி நீர்நிலைக்கு நடக்க வைப்பது கடைசியில் வரும். இரண்டு சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் வால் என்று சொல்லும் நீண்ட பகுதி உண்மையில் வயிறு. அதில் 10 கண்டங்கள், அதாவது வளையம் போன்ற துண்டுகள், உண்டு. மார்பை ஒட்டியது முதல் கண்டம். இறக்கையின் முன்விளிம்பில் நுனியருகே நிறமேறிய சிறு கட்டம் ஒன்று இருக்கும். அதை இறக்கைப் பொட்டு என்று சொல்கிறேன்.

## தும்பியா, ஊசித்தும்பியா என்பதிலேயே குழப்பம்

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். நீளமாக, நுனி தடித்து இருந்தால் அது இரண்டும் இல்லை. குழியானையின் வளர்ந்த பருவமாகவோ அதன் உறவாகவோ இருக்கும். தும்பிகளின் உணர்கொம்பு மயிரிழை போலக் குட்டையானது, பல படங்களில் தெரியவே தெரியாது.

அடுத்து இறக்கையின் அடி. பின்னிறக்கை உடலோடு சேரும் இடத்தில் முன்னிறக்கையைவிட அகன்றிருந்தால் தும்பி. நான்கும் ஒரே வடிவில், அடியில் காம்பு போல ஒடுங்கினால் ஊசித்தும்பி. மடக்கி உட்கார்ந்தால் ஊசித்தும்பி, விரித்து உட்கார்ந்தால் தும்பி என்ற பழைய விதி பெரும்பாலும் சரிதான். ஆனால் லெஸ்டிடே குடும்பத்து ஊசித்தும்பிகள் பலவும் இறக்கையைப் பாதி விரித்தபடியே உட்காரும்.

கண்ணிலும் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான தும்பிகளில் இரு கண்களும் உச்சியில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் கோம்ஃபிடே குடும்பத்தில் விலகியே நிற்கும். எனவே இடைவெளி உண்டா என்பதோடு நிறுத்தாமல் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கண்ணின் அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால் ஊசித்தும்பி.

## செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் சொல்கிறது

படத்தை வெட்டிப் பூச்சி சட்டத்தை நிறைக்கும்படி செய்துவிட்டு மறுபடி கேளுங்கள். பச்சைப் புல்வெளியின் நடுவே கடுகளவு தும்பி இருந்தால் செயலி புல்லைத்தான் அடையாளம் காணும். பிறகு இடமும் தேதியும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இடம் இல்லாத படத்துக்கு வேறொரு கண்டத்தில் மட்டுமே வாழும் இனத்தின் பெயர் வருவது வேடிக்கையாக இருக்கும். நம்பிப் பதிவிட்டுவிட்டால் வேடிக்கை போய்விடும்.

இதற்குப் பிறகும் மூன்று பெயர்கள் வந்தால் அவற்றுக்குள் என்ன உறவு என்று பாருங்கள். மூன்றும் ஒரே பேரினம் என்றால் பேரினத்தை ஏற்றுக்கொண்டு அதற்குள் தேடலாம். மூன்றும் வெவ்வேறு குடும்பம் என்றால் படத்தில் சரக்கு இல்லை. மறுபடி எடுப்பதைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

உயிரினப் படங்களைப் பலரும் பதிவிட்டுப் பெயர் சொல்லும் ஐநாச்சுரலிஸ்ட் தளத்தில் ஒரு பதிவு 'ஆய்வுத் தரம்' என்ற தகுதியைப் பெற, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன அளவில் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் ஒருவர், ஒத்துப்போக இன்னொருவர் என்றாலே அந்தக் கணக்கு நிறைவேறிவிடும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளும் படங்களை ஒன்றோடு நிறுத்தாமல் இருபது முப்பது பாருங்கள்.

## சிவப்புத் தும்பி: நான்கைந்து பெயர்கள் பொருந்துகின்றன

எனக்கு வரும் கேள்விகளில் இதுவே முதலிடம். ஆசியாவின் வெப்பப் பகுதிகளில் சிவப்பு ஆண் தும்பிகள் பல இனங்களில் உண்டு. அத்தனையும் கைபேசிக் கேமராவில் ஒரே மிளகாய்ப் பழமாகத் தெரியும்.

### சிவப்பு ஒரே பூச்சாகத் திரண்டிருக்கிறதா?

வெயிலில் எடுத்த படங்களில் சிவப்பு அளவுக்கு மீறிப் பதிந்து, உடல்மேல் இருக்கும் மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். படத்தைத் திருத்தும் மென்பொருளில் வெளிச்சத்தையும் நிறச்செறிவையும் குறைத்துப் பாருங்கள். கோடு மீண்டு வந்தால் நல்லது. வரவில்லை என்றால் படத்தில் அந்தத் தகவலே பதியவில்லை. அடுத்த முறை வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும்.

### வயிற்றின் முதுகில் கருங்கோடு உண்டா?

நடுமுதுகில் நெடுகிலும் மெல்லிய கருங்கோடு, பின்னிறக்கை அடியில் சிறு தேன்நிறத் திட்டு, உடல் முழுக்க இரத்தச் சிவப்பு என்றால் குரோகோதெமிஸ் செர்விலியா. கோடே இல்லாமல் அதே சிவப்பு என்றால் ரோடோதெமிஸ் ரூஃபாவையும் கணக்கில் எடுங்கள். கோட்டுக்குப் பதிலாக 8, 9ஆம் கண்டங்களின் மேல் கரும்புள்ளிகளும் பின்னிறக்கை அடியில் அடர்பழுப்புத் திட்டும் இருந்தால் யூரோதெமிஸ் சிக்னேட்டா.

### சிவப்பில் ஊதா கலந்திருக்கிறதா?

அப்படியானால் இறக்கை நரம்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நரம்புகளும் சிவந்து, மார்பும் வயிறும் ஒரே ரோஜா ஊதாவாக இருந்தால் டிரிதெமிஸ் அரோரா ஆண். வயிறு மட்டும் இளஞ்சிவப்பாகி, மார்பு கருநீலச் சாம்பலாக வேறுபட்டு நின்றால் ஆர்தெட்ரம் புருயினோசம். மார்பையும் வயிற்றையும் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்த இரண்டும் பிறகு குழம்புவதே இல்லை.

### இறக்கையே ஆரஞ்சா?

இறக்கையின் பெரும்பகுதி ஆரஞ்சாகி, அந்நிறம் பொட்டு வரை நெருங்கினால் பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா ஆண். கலங்கிய குட்டைகளின் ஓரத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், எடுப்பதற்கும் எளிது.

### எதுவும் தீர்க்கவில்லை

கூர்மையான இறக்கைப் படம் கையில் இருந்தால் ஒரு கடைசிச் சோதனை உண்டு. முன்னிறக்கையின் முன்விளிம்பு நடுவில் ஒரு முடிச்சு போல உடைந்திருக்கும். அடியிலிருந்து அந்த முடிச்சு வரை குறுக்கு நரம்புகள் ஏணிப்படி மாதிரி வரிசையாக நிற்கும். முடிச்சை ஒட்டிய கடைசிப் படி, முன்விளிம்பை ஒட்டி மேலும் கீழுமாக உள்ள இரண்டு கட்ட வரிசைகளையும் தாண்டி முழுதாக இறங்கினால் ஆர்தெட்ரம் பக்கம் சாயலாம். பாதியில் நின்றுவிட்டால் குரோகோதெமிஸ், டிரிதெமிஸ் பக்கம். இதை எண்ண முடிகிற அளவுக்குப் படம் எடுத்தவருக்குப் பெரும்பாலும் இந்தச் சோதனையே தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

## படத்தில் உள்ள நிறம் எந்த வழிகாட்டியிலும் இல்லை

வெளிறிய உடல், கண்ணாடித்தாள் போல மினுங்கும் இறக்கை. தோலுரித்து வெளிவந்து சில மணிநேரமே ஆன தும்பி. நிறம் இன்னும் ஏறவில்லை. பக்கத்துத் தண்டில் காலியான தோல்கூடு ஒட்டியிருந்தால் சந்தேகம் வேண்டாம். நிறத்தை மறந்துவிட்டு இறக்கை வடிவத்தையும் அடித்திட்டையும் பாருங்கள்.

பெண் போலத் தெரிகிறது, ஆனால் ஆண். இளம் ஆண்கள் பல இனங்களில் பெண்ணின் நிறத்தோடுதான் வளரத் தொடங்குகின்றன. டிப்ளகோடெஸ் டிரிவியாலிஸ் இளமையில் மஞ்சள்பச்சையில் கருங்கோடுகளோடு இருக்கும். முதிர்ந்த ஆண் முழு நீலச் சாம்பல். இரண்டுக்கும் நடுவில், பாதி பச்சை பாதி நீலமாக ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தின் படத்தை வைத்துக்கொண்டுதான் 'புதிய இனமா?' என்று அதிகம் பேர் கேட்கிறார்கள். இந்த இனத்து ஆணின் வால்நுனி உறுப்புகள் எந்த வயதிலும் வெளிர்வெண்மையாகவே இருக்கும் என்பது கைகொடுக்கும்.

நீலச்சாம்பல் மாவு பூசியது போல இருக்கிறது. முதிர்ந்த ஆண்களின் உடலில் சுரக்கும் மெழுகுப் பூச்சு இது. கீழே உள்ள கோடுகளை மூடிவிடும். படத்தின் ஒளி-நிழல் மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) ஏற்றினால் மார்பின் பக்கவாட்டில் பழைய கோடுகளின் சாயல் சில நேரம் தெரியும். நீலப்பூச்சு ஏறிய தும்பி என்றாலே ஆர்தெட்ரம் என்று எழுதிவிடாதீர்கள். பொட்டமார்க்கா கன்ஜெனர் மார்பில் அதே பூச்சோடு, வயிற்றின் பின்பாதியில் மஞ்சள் திட்டுகளோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஒரே பூச்சி, இரு படங்களில் இரு நிறம். சில நிறங்கள் சாயத்தால் வருவதில்லை. மேற்பரப்பின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வருகின்றன. நியூரோபேசிஸ் சைனென்சிஸ் ஆணின் பின்னிறக்கை மேற்புறம் உலோகப் பச்சை, அடிப்புறம் கரும்பழுப்பு. இறக்கையை மூடிக்கொண்டால் பச்சை மாயமாகிவிடும். குளிரும் நிறத்தை மாற்றும்: அமெரிக்காவில் வாழும் அனாக்ஸ் ஜூனியஸ் ஆணின் நீல வயிறு குளிர்ந்த காலையில் ஊதாவாக மங்கியிருக்கும். ஒரு படத்தை வைத்துச் சண்டை போடுவதற்கு முன் எடுத்த நேரத்தைப் பாருங்கள்.

பழுப்பேறி, கண் கறுத்திருக்கிறது. செத்த தும்பி, அல்லது சிலந்தி வலையில் தொங்கியது. நிறம் முதலில் போவது கண்ணில்தான். வடிவத்தை வைத்துப் பேரினம் வரை சொன்னால் போதும்.

## ஆணா, பெண்ணா?

இதைத் தீர்க்காமல் எந்த வழிகாட்டியையும் புரட்டாதீர்கள். புரட்டினால் தவறான பக்கத்தில் ஒரு மணிநேரம் கழியும். பக்கவாட்டுப் படத்தில் வயிற்றின் 2ஆம் கண்டத்துக்கு அடியில் சிறு புடைப்பு தெரிந்தால் ஆண். மேலிருந்து எடுத்த படம் என்றால் வால்நுனியைப் பெரிதாக்குங்கள். ஆண் தும்பிக்கு மூன்று பற்றுறுப்புகள், ஆண் ஊசித்தும்பிக்கு நான்கு, பெண்ணுக்கு இரண்டு சிறு முனைகள். பெண் ஊசித்தும்பிகளில் 8, 9ஆம் கண்டங்களின் அடிப்பக்கம் முட்டையிடும் உறுப்பால் தடித்திருக்கும்.

பெண் என்று உறுதியானால் அங்கே சுற்றிய ஆண்களையும் படமெடுத்தீர்களா என்று பாருங்கள். ஜோடி சேர்ந்த படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆணை வைத்துப் பெண்ணுக்குப் பெயர் சொல்லிவிடலாம். தவறான இனத்துப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு பறக்கும் ஆண்களும் உண்டு என்பதால் முழு உறுதி மட்டும் வேண்டாம். நியூரோதெமிஸ் டூலியாவைப் போல ஆணும் பெண்ணும் அடையாளமே தெரியாத அளவுக்கு வேறுபடும் இனங்களில் இந்தத் துணைப்படம்தான் வழிகாட்டுகிறது. அதில் ஆணின் இறக்கை அடிப்பாதி கருப்பு, அடுத்து வெண்பட்டை; பெண்ணின் இறக்கை மஞ்சளும் பழுப்பும். ஆர்தெட்ரம் சபினாவில் இந்தத் தொல்லை இல்லை: இரண்டும் ஒரே மாதிரி, பச்சையும் கருப்புமாக, அடி புடைத்து இடை சிறுத்த வயிறு.

## நீல ஊசித்தும்பி: பத்து இனம் ஒரே முகம்

வால்நுனியில் எந்தெந்தக் கண்டம் நீலம் என்று எண்ணுங்கள். நுனியிலிருந்து பின்னோக்கி 10, 9, 8 என்று எண்ணுவதே எளிது. இஸ்க்னூரா செனகலென்சிஸ் ஆணுக்கு 8ஆம் கண்டம் முழு நீலம், அதற்கு முன்னால் வயிற்றின் மேற்பக்கம் கருப்பு. நீலம் 8, 9 இரண்டிலும் நிறைந்து, மார்பும் நீலமாக இருந்தால் சூடாக்ரியான் பேரினத்தைத் தேடுங்கள்.

கண்ணுக்குப் பின்னால், தலையின் மேல் உள்ள நிறப்பொட்டுகள் அடுத்த சாவி: வட்டமா, நீளமா, ஒன்றோடொன்று கோட்டால் இணைகின்றனவா. இதற்குத் தலையை மேலிருந்து எடுத்த படம் வேண்டும், அதுதான் எப்போதும் இருக்காது.

பெண்களில் இன்னொரு வலை. இஸ்க்னூராவில் சில பெண்கள் ஆணின் நீல நிறத்தையே அணிந்திருக்கும், மற்றவை இளமையில் ஆரஞ்சாக இருந்து முதிர்ந்தபின் பச்சை கலந்த பழுப்பாகும். அக்ரியோக்னெமிஸ் பிக்மியாவின் இளம்பெண் சிவப்பு. ஆகவே 'சிவப்பு ஊசித்தும்பி' என்று தேடி ஏமாந்தால் மறுபடி ஆணா பெண்ணா என்ற தலைப்புக்கே வர வேண்டும்.

சூடாக்ரியான் மைக்ரோசெஃபலமா, ஆஸ்ட்ராலேசியேவா என்ற கட்டத்துக்கு வந்துவிட்டால் நிறத்தை விட்டுவிடுங்கள். ஆணின் வால்நுனிப் பற்றுறுப்பைப் பக்கவாட்டில் மிக அருகே எடுத்த படம் இல்லாமல் அது நகராது.

## பறந்துகொண்டே இருக்கிறது, படம் கலங்கல்

பகல் முழுக்க இறங்காமல் வட்டமிடும் மஞ்சள் தும்பி என்றால் முதல் ஊகம் பான்டாலா ஃபிளேவெசென்ஸ். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படுவது. கலங்கிய படத்திலும் பின்னிறக்கை அடியைப் பாருங்கள். அங்கே அடர்ந்த கருஞ்சிவப்பு அல்லது கரும்பழுப்புத் திட்டு இருந்தால் டிராமியா பேரினம். சுத்தமாகவோ இலேசான மஞ்சளாகவோ இருந்தால் பான்டாலா. இறக்கையே வண்ணத்துப்பூச்சி போல மஞ்சளும் கரும்பழுப்புமாக இருந்தால் ரியோதெமிஸ் வேரிகேட்டா. இருட்டும் வேளையில் தண்ணீர்மேல் சுற்றி, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு மட்டும் மின்னினால் தோலிமிஸ் டில்லார்கா ஆண்.

நல்ல படம் வேண்டுமென்றால் துரத்துவதை விட்டுவிட்டு விடியற்காலையில் போங்கள். இப்படி ஓயாமல் பறப்பவை இரவில் செடித்தண்டில் செங்குத்தாகத் தொங்கியபடி உறங்கும். வெயில் ஏறும்வரை அசையாது. நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் வானத்தை மட்டும் பல நூறு படம் எடுத்திருந்தேன்.

## விசித்திரமான அடையாளம், எந்த இனத்துக்கும் இல்லாதது

மார்பின் அடியில் சிவப்பு மணிகள்: நீர்ச்சிலந்திப் பேன்களின் இளம் பருவம், ஒட்டிக்கொண்டு உடல்நீரை உறிஞ்சுபவை. இரு பக்கமும் சமமாக இல்லாமல் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு முறை இதையே இன அடையாளமாக எழுதி ஒரு வாரம் பெருமையோடு திரிந்தேன்.

நீலப்பூச்சு ஏறிய ஆணின் வயிற்று நடுவில் கருங்கீறல்கள்: இணைசேர்ந்தபோது பெண்ணின் கால்கள் பற்றித் தேய்த்த இடம். வயிற்றைச் செங்குத்தாக வானத்தை நோக்கித் தூக்கியிருப்பது: உச்சிவெயிலில் சூட்டைக் குறைக்கும் நிலை, பல இனங்களும் செய்யும். இறக்கை ரப்பர் போல வளைந்தோ துண்டாகியோ தெரிந்தால் கேமராவின் வேலை. கைபேசி உணரி படத்தை வரிவரியாகப் படிப்பதற்குள் இறக்கை இடம் மாறிவிடுகிறது.

## மறுபடி எடுக்கத்தான் வேண்டும்

மூன்று படங்கள்: நேர் மேலிருந்து, நேர் பக்கவாட்டில், வால்நுனி அருகில். கேமராவின் முகம் உடலின் நீளத்துக்கு இணையாக இருந்தால்தான் தலையும் நுனியும் ஒருசேரக் கூர்மையாகும். முகத்தை நேராக எடுத்த படம் அழகாக இருக்கும். அடையாளத்துக்கு அது நான்காவது. அளவு தெரிய, அதே தூரத்திலிருந்து பக்கத்து இலையையும் ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு அந்த இலையை அளந்துகொள்ளுங்கள்.

கிளை நுனியில் உட்காரும் தும்பி பறந்து போனால் பின்தொடராதீர்கள். பெரும்பாலும் அதே நுனிக்குத் திரும்பும். நிழல் அதன்மேல் விழாமல், தாழ்ந்து, மெல்ல நெருங்குங்கள். முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவைத்துவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு படம்.

## நிபுணரிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டம்

கோம்ஃபிடே என்று தெரிந்து, மஞ்சள் கருப்புக் கோடுகளில் மாட்டிக்கொண்டால் அரை மணிநேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். மேக்ரோமியா பேரினம், ஐடியானிக்ஸ் பெண்கள், காட்டோடைகளில் நிழலில் தொங்கும் புரோட்டோஸ்டிக்டா போன்ற நூலிடை ஊசித்தும்பிகள் ஆகியவையும் அப்படித்தான். ஆணின் பற்றுறுப்பு, 2ஆம் கண்டத்துக்கு அடியில் உள்ள கொக்கிகள், சில பெண்களில் முன்மார்பின் வடிவம் என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியவற்றில்தான் இவை பிரிகின்றன. அதுவரை பதிவு செய்யப்படாத பகுதியில் ஓர் இனம் கிடைத்ததாகத் தோன்றினாலும் அறிவிப்பதற்கு முன் நிபுணரிடம் காட்டுங்கள்.

அவருக்கு அனுப்பும்போது வெட்டாத, திருத்தாத மூலக்கோப்பையே அனுப்புங்கள். கலங்கிய படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்கள் அழிக்க நினைத்ததில்தான் வால்நுனி விழுந்திருக்கும். இடம், தேதி, நேரம், ஓடும் நீரா தேங்கிய நீரா என்பவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். உங்கள் பெயர் முத்திரையைத் தயவுசெய்து பூச்சியின் மேல் போடாதீர்கள்.

பூச்சியையே பிடித்து அனுப்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது அனுமதி பெற்ற ஆய்வாளரின் வேலை. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அனுமதியில்லாமல் சேகரிப்பது பல நாடுகளில் குற்றம். மரபணுச் சோதனை அதற்கும் அடுத்த படி, செலவு கூடியது. மிக நெருங்கிய இனங்களை அதுவும் சில நேரம் பிரித்துக் காட்டாது. நிபுணர் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு "பேரினம் வரைதான்" என்று எழுதினால் அதையே பதிவில் போட்டு, எடுத்த கிளையின் இடத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், பக்கவாட்டுக் கோணத்துக்காக.